ப்ரே வேங் போகிறீர்கள் என்றால்

சிங்கப்பூரில் ஒரு தமிழ்ச் சபையின் வாலிபர் குழுவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். டிசம்பர் விடுமுறையில் 16 பேர், 9 நாள், கம்போடியாவின் ப்ரே வேங் மாகாணத்துக்கு ஊழியப் பயணம் போகிறார்களாம். ஒரு கிறிஸ்தவ அநாதை இல்லத்தில் மூன்று நாள் வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி), ஒரு நாள் மருத்துவ முகாம், கிராமத்துக்கு ஒரு குழாய்க்கிணறு, பிறகு அரிசியும் பழைய துணியும் கொடுப்பது என்று திட்டம். ஆளுக்கு 1,200 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). "இதனால் அந்த மக்களுக்கு உண்மையிலேயே பிரயோஜனம் இருக்கிறதா, வேறு மாதிரி செய்யலாமா, ஒளிக்காமல் சொல்லுங்கள்" என்கிறார்.

ஒளிக்காமலே சொல்கிறேன். நான் கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் ஒரு கிறிஸ்தவ அமைப்பில் ஒன்பது வருஷம் கணக்கு பார்த்தேன். கணக்கு பார்ப்பவள் என்று பெயர்தானே ஒழிய, வெளிநாட்டு அணிகளை ஏர்போர்ட்டில் கூட்டி வருவது, கூடவே வேனில் அலைவது, வயிற்றுப்போக்கு வந்தவருக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொடுப்பது எல்லாம் என் தலையில்தான் விழும். அணிகள் கிளம்பிப் போன பிறகு அந்த ஊரில் என்ன நடந்தது என்பதையும் பார்த்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்வதானால், போங்கள். ஆனால் இந்தத் திட்டத்தோடு போகாதீர்கள்.

முதலில் அநாதை இல்லம். இதை விட்டுவிடுங்கள் என்று சொன்னால் உங்கள் குழுவில் பாதிப் பேருக்கு முகம் வாடிவிடும், தெரியும். எல்லாரும் அதற்காகத்தான் பெயர் கொடுத்திருப்பார்கள்.

நான் போய்ச் சேர்ந்த முதல் வருஷம் ஓர் அணியோடு இப்படி ஓர் இல்லத்துக்குப் போனேன். வேன் நிற்பதற்குள் பிள்ளைகள் ஓடி வந்துவிட்டார்கள். ஆறு வயதிருக்கும் ஒரு பையன், முன்பின் பார்த்திராத ஒரு தம்பியின் மடியில் ஏறி உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டான். அந்தத் தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் சனிக்கிழமை. பழைய மோட்டார் சைக்கிளில் ஓர் அம்மா வந்தார், ஹேண்டில்பாரில் ஒரு சீப்பு வாழைப்பழம் தொங்குகிறது. பையன் அவரிடம் போய் நின்றான். "யாரு அக்கா இவங்க, சமையல் பண்றவங்களா?" என்று அந்தத் தம்பி கேட்டார். நான் விசாரித்துவிட்டு வந்து, "அவனோட அம்மா" என்றேன். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி வீடு.

இது எங்கோ ஓர் இடத்தில் நடந்த விதிவிலக்கு என்று நினைத்துவிட வேண்டாம். 2005-ல் கம்போடியாவில் 154 இல்லங்கள் இருந்தன, 2010-ல் 269. ஐந்தே வருஷத்தில் 75 சதவீதம் கூடியிருக்கிறது. அந்த ஐந்து வருஷத்தில் போரோ பஞ்சமோ இல்லை. கூடியது வெளிநாட்டுப் பயணிகளும் வெளிநாட்டுப் பணமும். அந்த 269-ல் அரசு நடத்தியது 21 மட்டும். உள்ளே இருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் மூன்று பேருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருந்தார்கள். இவையெல்லாம் அரசும் யுனிசெஃபும் சேர்ந்து பார்த்த கணக்குகள்.

பெற்றவர்கள் ஏன் அனுப்புகிறார்கள் என்றால், நம் ஊரில் ஏழைப் பெற்றோர் பிள்ளையை ஹாஸ்டலில் விடுவதற்கு என்ன காரணமோ அதேதான். படிப்பு, சோறு, கொஞ்சம் இங்கிலீஷ். அதோடு கடன். கம்போடியாவில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சிறுகடன் வாங்கியிருக்கிறார்கள், ஏராளமானவர்கள் நிலப்பத்திரத்தை அடகு வைத்து. தவணை கட்டுவதற்காக அம்மா புனோம் பென் தையல் ஆலைக்கும் அப்பா தாய்லாந்துக்கும் போய்விட, பிள்ளை பாட்டியிடம் இருக்கிறான். அந்த நேரத்தில் யாரோ வந்து "இல்லத்தில் சேர்த்தால் எல்லாம் இலவசம்" என்கிறார்கள். பாட்டி கும்பிட்டுக் கொடுத்துவிடுகிறார். வரும் அணிகளுக்குக் காட்டப் பிள்ளைகள் வேண்டும், பிள்ளைகள் இருந்தால் அணிகள் வரும். நல்ல மனசோடு நடத்துகிறவர்களும் இந்தச் சுழலுக்குள் மாட்டிக்கொள்கிறார்கள்.

கண்டவர் மடியிலெல்லாம் ஏறும் பிள்ளையை நாம் பாசக்காரப் பிள்ளை என்கிறோம். யார் வந்தாலும் நாலு நாளில் போய்விடுவார்கள் என்று பழகிப்போன பிள்ளை அப்படித்தான் இருக்கும். நம் வீட்டுப் பிள்ளை புது ஆளைக் கண்டால் அம்மா பின்னால் ஒளியும், இல்லையா?

கம்போடிய அரசே 2015-ல் இல்லங்களுக்குக் கட்டுப்பாடுகள் கொண்டுவந்து, 2018-க்குள் ஐந்து மாகாணங்களில் 30 சதவீதப் பிள்ளைகளைக் குடும்பங்களுக்குத் திருப்பி அனுப்புவது என்று இலக்கு வைத்தது. உங்கள் சபை அந்த இல்லத்துக்கு மாதாமாதம் காணிக்கை அனுப்பிக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். தண்டனை பிள்ளைகளுக்குத்தான் போய்ச் சேரும். பிள்ளைகளைச் சொந்தக்காரர்களிடமோ வளர்ப்புக் குடும்பங்களிடமோ சேர்க்கும் வேலையைச் செய்கிற அமைப்புகள் அங்கேயே இருக்கின்றன. 'சில்ட்ரன் இன் ஃபேமிலிஸ்' அப்படி ஒன்று, அதுவும் கிறிஸ்தவ அமைப்புதான். அந்த மாதிரி ஒருவரோடு இல்லத்து நிர்வாகிகளை உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். இல்லமே பகல்நேரப் படிப்பு மையமாக மாறி, பிள்ளைகள் ராத்திரி தங்கள் வீட்டில் தூங்கினால், உங்கள் பணம் அப்போதும் அதே பிள்ளைகளுக்குத்தானே போகப்போகிறது.

அடுத்தது கிணறு. ப்ரே வேங் பக்கம் ரோட்டோரம் போனால் கைப்பம்புக்குப் பக்கத்தில் சின்னப் பலகைகள் வரிசையாக நிற்கும். சிங்கப்பூர், கொரியா, ஆஸ்திரேலியா என்று கொடுத்தவர்கள் பெயர், சில சமயம் இறந்துபோன தாத்தாவின் பெயர். சில நூறு டாலரில் முடிகிற வேலை, போட்டோவும் நன்றாக வரும். அதனால் எல்லாருக்கும் கிணறு பிடிக்கும்.

மீகாங் ஆற்றுச் சமவெளியில், கண்டால், ப்ரே வேங் மாகாணங்களில் பல இடங்களில், நிலத்தடி நீரில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருக்கிறது. நிறமில்லை, வாசனையில்லை, ருசியில்லை. இமயமலையிலிருந்து ஆறு கொண்டு வந்த வண்டலில் இயற்கையாகவே இருப்பது. வங்கதேசத்தில் நடந்த அதே கதை. குளத்துத் தண்ணீரைக் குடித்து வயிற்றுப்போக்கில் சாகாதீர்கள் என்று நல்லெண்ணத்தில் ஆழ்துளைக் குழாய் இறக்கிக் கொடுத்தார்கள். பல வருஷம் கழித்து உள்ளங்கையிலும் பாதத்திலும் கொட்டைப்பாக்கு மாதிரி தடிப்புகள் வந்தன. பிறகுதான் கிணறுகளைச் சோதித்து, கெட்டதுக்குச் சிவப்பும் நல்லதுக்குப் பச்சையும் அடித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் வரை என்கிறது, கம்போடியாவின் சொந்த வரம்பு 50. அதையும் பல மடங்கு தாண்டிய கிணறுகள் அங்கே உண்டு.

ஆர்செனிக் இல்லாவிட்டாலும் இரும்பு இருக்கும். அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் கறுத்துவிடும், சோறு நிறம் மாறும். ஊர்க்காரர்கள் நம்மிடம் "நன்றி, நன்றி" என்று சொல்லிவிட்டு, அந்தக் கிணற்றை மாடு குளிப்பாட்ட வைத்துக்கொண்டு, குடிக்க மழைத்தண்ணீரைத்தான் எடுப்பார்கள். ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் ஆள் மார்பளவுக்குப் பெரிய சிமென்ட் ஜாடிகள் நிற்பதைப் பார்ப்பீர்கள். கூரைத் தண்ணீர் அதில் விழும். வசதியான வீட்டில் ஆறேழு, இல்லாத வீட்டில் ஒன்று. ஏப்ரலில் அந்த ஒன்றும் காலி. அந்த வீட்டுக்கு இன்னும் இரண்டு ஜாடி கிடைப்பது, ஊருக்கு ஒரு பெயர்ப்பலகைக் கிணறு கிடைப்பதைவிடப் பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன்.

புனோம் பென்னிலிருந்து ஒன்றாம் எண் நெடுஞ்சாலையில் நீங்கள் போகிற வழியிலேயே கியென் ஸ்வாய் வரும். அங்கே ஆர்.டி.ஐ. என்ற அமைப்பு மண் வடிகட்டிகள் செய்கிறது. மிக்கி சாம்ப்ஸன் என்ற அமெரிக்க வேதியியல்காரர், விசுவாசி, தொடங்கியது. அவர் 2009-ல் இறந்துவிட்டார், வேலை நிற்கவில்லை. களிமண்ணோடு உமியை அரைத்துக் கலந்து, பூந்தொட்டி வடிவில் அழுத்திச் சுடுகிறார்கள். உமி எரிந்துபோய் விட்ட கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். மணிக்கு இரண்டு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிருமிகள் பெரும்பாலும் போகும். ஆர்செனிக் போகாது, அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனவே ஜாடித் தண்ணீருக்கும் குளத்துத் தண்ணீருக்கும்தான் இது சரி. இதிலும் ஒரு பாடம் உண்டு. வடிகட்டி கொடுத்த வீடுகளைத் திரும்பப் போய்ப் பார்த்தபோது, மாதத்துக்கு 2 சதவீத வீடுகள் அதைப் பயன்படுத்துவதை விட்டுக்கொண்டே வந்திருந்தன. பெரும்பாலும் தொட்டி உடைந்ததோ குழாய் கழன்றதோதான் காரணம். இலவசமாக ஐம்பது வீட்டுக்குக் கொடுப்பதோடு நில்லாமல், மாற்றுத் தொட்டியும் குழாயும் விற்கிற கடை ஒன்று சந்தையில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அங்குள்ள சபையில் யாராவது அதை எடுத்து நடத்துவார்களா என்று பேசுங்கள். இந்தக் கடை விஷயம் திரும்பி வந்து சபையில் யார் சொல்லும் சாட்சியிலும் வராது, ஆனால் வேலை செய்யும்.

மருத்துவ முகாம். உங்கள் குழுவில் ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் சுகாதார அமைச்சின் அனுமதி இல்லாமல், மாகாண சுகாதார அலுவலகத்துக்குத் தெரியாமல் மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள். அங்குள்ள பாஸ்டர் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்றாலும் கேட்காதீர்கள். மாட்டினால் நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், அவர் அங்கேயே இருக்க வேண்டும்.

ஊசியே போடாதீர்கள். 2014 டிசம்பரில் பட்டம்பாங் மாகாணத்தில் ரோகா என்ற இடத்தில் இருநூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. பச்சைக் குழந்தை முதல் கிழவி வரை, பிக்குகள் உட்பட. ஊருக்கே வைத்தியம் பார்த்துவந்த, லைசென்ஸ் இல்லாத ஒருவர் ஊசியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதுதான் காரணம். 25 வருஷம் சிறை கிடைத்தது. ஊரில் அவர் கெட்டவர் என்று யாரும் சொல்லவில்லை, ராத்திரியில் கூப்பிட்டாலும் வருவார், காசுக்குக் கெடுபிடி இல்லை என்றுதான் சொன்னார்கள். கம்போடியக் கிராமங்களில் உடம்புக்கு முடியவில்லை என்றால் ஊசியும் குளுக்கோஸும் ஏற்றினால்தான் வைத்தியம். நீங்களும் வந்து ஊசி போட்டால் அந்த நம்பிக்கைக்கு வெளிநாட்டு முத்திரை குத்தியது மாதிரி ஆகிவிடும்.

பிரஷர் பார்ப்பது நல்ல வேலை. ஆனால் 180/110 இருக்கிற பாட்டிக்கு இரண்டு வாரத்து மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போனால், மூன்றாவது வாரம்? அங்கே ஏழைக் குடும்பங்களுக்கு ஐடி-பூவர் என்று அரசு அட்டை இருக்கிறது, அதைக் காட்டினால் அரசு சுகாதார நிலையத்தில் இலவசம். பல பாட்டிகள் அட்டையைப் பெட்டியில் பத்திரமாகப் பூட்டி வைத்திருப்பார்கள், போகமாட்டார்கள், போக்குவரத்துக்குக் காசில்லை அல்லது நர்ஸ் அதட்டுகிறார். அந்த நர்ஸை உங்கள் முகாமுக்குக் கூப்பிட்டு நடுவில் உட்கார வையுங்கள். உங்கள் டாக்டர் பக்கத்தில் இருந்து உதவட்டும். நோயாளி பெயர் அந்த நிலையத்து நோட்டில் ஏறட்டும். சபையில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற ஒருவருக்கு மாதம் இரண்டு முறை பெட்ரோல் காசு கொடுத்தால் பாட்டி போய் வருவார்.

இடையில் ஒன்று. முதுகில் சிவப்புச் சிவப்பாக வரிவரியாகக் கோடு இருக்கிற குழந்தைகளைப் பார்த்ததும் யாரும் பதறிப்போய்ப் புகார் எழுத வேண்டாம். ஜுரம், தலைவலி என்றால் தைலம் தடவி நாணயத்தால் இழுப்பார்கள். 'கோஸ் க்யால்', காற்றைச் சுரண்டி எடுப்பது என்று அர்த்தம். நம் பாட்டிகள் வாயு பிடித்திருக்கு என்று சொல்வார்களே, அந்த வகை. ஒரு நர்ஸ் இதைப் பார்த்து ஒரு தாயை விசாரணை செய்த அளவுக்குப் போய், எல்லாருக்கும் சங்கடமாகிவிட்டது.

பழைய துணி பற்றிச் சுருக்கமாக. ஒருமுறை வந்த அணி ஆறு பெட்டி டி-சர்ட் கொண்டு வந்தது. நாங்கள் தரையில் கொட்டிப் பிரிக்கும்போது எங்கள் ஆபீஸ் பெண் ஒருத்தி சிரிக்க ஆரம்பித்தாள். கழுத்துப் பட்டையைத் திருப்பிக் காட்டினாள்: 'மேட் இன் கம்போடியா'. அவளுடைய அக்காவே தையல் ஆலையில்தான் வேலை பார்த்தாள். 2025 கணக்குக்கு அந்த ஆலைகளில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 208 டாலர். துணிக்குக் கொடுக்கிற லக்கேஜ் கட்டணத்துக்கு அங்கேயே சந்தையில் புதுச் சட்டை வாங்கலாம்.

சுவிசேஷம் சொல்லலாமா என்று தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். சபை கூடுவதற்கும் ஆராதிக்கும் உரிமைக்கும் அங்கே தடை இல்லை. ஆனால் பௌத்தம்தான் அரச மதம், 2019 கணக்கெடுப்பில் 97 சதவீதம் பௌத்தர்கள். வீடு வீடாகப் போய்ப் பிரசங்கிப்பதற்கு மத அமைச்சின் தடை இருக்கிறது, பணமோ பொருளோ கொடுத்து மதம் மாற்றுவதற்கும்தான். அரிசி மூட்டையை ஒரு கையிலும் கைப்பிரதியை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு நிற்பது சட்டப்படியும் தப்பு, பார்க்கவும் நன்றாக இல்லை. நம் ஊரில் 'அரிசிக்கு மாறினவங்க' என்று கேலி பேசுவதைக் கேட்டு வளர்ந்த நமக்கே இது புரியாவிட்டால் யாருக்குப் புரியும்? அரிசி கொடுக்கத்தான் வேண்டுமென்றால், ஊர்த்தலைவரையும் கேட்டு, விசுவாசியோ இல்லையோ, இல்லாத வீடுகளின் பட்டியல்படி ஊர்ச் சபையே கொடுக்கட்டும். கூட்டமும் அரிசியும் ஒரே நாளில் வேண்டாம்.

கம்போடியச் சபையின் வரலாற்றையும் குழுவுக்குச் சொல்லிக் கூட்டிப் போங்கள். 1923-ல் முதல் புராட்டஸ்டன்ட் மிஷனரிகள் வந்தார்கள், முழு வேதாகமம் அந்நாட்டு மக்களின் கெமர் மொழியில் வந்தது 1954-ல். 1975 ஏப்ரலில் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படையின் ஆட்சி வந்தது. 1979 ஜனவரிக்குள் நாட்டில் பதினேழு லட்சம் பேர் அளவுக்குச் செத்தார்கள், போதகர்களில் தப்பியவர்கள் மிகச் சிலர். மறுபடி வெளிப்படையாகக் கூட அனுமதி கிடைத்தது 1990-ல். இப்போது உங்களை வரவேற்கும் பாஸ்டர் அந்தச் சாம்பலுக்குப் பிறகு வந்த தலைமுறை. அவருக்கு இருபது விசுவாசிகள் இருந்தால் அது பெரிய காரியம். அந்த ஊரில் அறுபதைத் தாண்டிய எவரிடமும் "பாட்டி, அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்களேன்" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டுவிடாதீர்கள். ஓர் அணி கேட்டது. பாட்டி இரண்டு வாக்கியம் சொன்னார், பிறகு தோளில் கிடந்த க்ரொமாத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே இருந்தார். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. யாரோ கிட்டார் எடுத்தார்கள்.

செப்டம்பர், அக்டோபரில் ப்சும் பென் என்று பதினைந்து நாள் வரும், முன்னோருக்குப் புத்தர் கோயிலில் சோறு படைக்கிற நாள்கள். நம்மூர் மகாளயபட்சமும் அதே சமயத்தில்தான். ஒருவர் ஞானஸ்நானம் எடுத்தால் ஊர் முதலில் கேட்கிற கேள்வி, "செத்துப்போன உன் அப்பாவுக்கு இனி யார் சோறு வைப்பது?" அதற்கு அந்தப் பாஸ்டர்தான் வருஷா வருஷம் பதில் சொல்லி, ஊரோடு ஒட்டி வாழ்ந்தாக வேண்டும். மைக் வைத்து நீங்கள் நடத்துகிற ஒரு ராத்திரிக் கூட்டம் அவருக்கு உதவுமா, தொந்தரவா என்று அவரிடமே கேளுங்கள். கெமர் மக்கள் விருந்தாளியிடம் 'வேண்டாம்' என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். "பரவாயில்லை, செய்யலாம்" என்று இழுத்தால் வேண்டாம் என்று அர்த்தம்.

"16 பேருக்கு 19,200 வெள்ளி ஆகிறதே, பேசாமல் பணத்தை அனுப்பிவிடலாமே" என்று சபையில் மூப்பர் யாராவது சொல்வார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பார்க்காத ஊருக்கு ஒரு வருஷம் கொடுப்பார்கள், இரண்டாம் வருஷம் மறந்துவிடுவார்கள். ஆனால் 16 பேர் தேவையில்லை. ஆறு பேர் போங்கள், அதே ஊருக்கு மூன்று வருஷம் போங்கள். சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை மட்டும் யாரும் செய்ய வேண்டாம், ஊரிலேயே பெயின்டர் இருக்கிறார், அவருக்கும் பிள்ளைகள் இருக்கின்றன. ஓர் அணியில் வந்த பாலர் பள்ளி ஆசிரியை பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, சபை நடத்துகிற பாலர் வகுப்பின் இரண்டு ஆசிரியைகளோடு மூன்று நாள் உட்கார்ந்தார். பாட்டில் மூடி, புளியங்கொட்டை, மணல் இவற்றை வைத்து எண் சொல்லிக் கொடுப்பது எப்படி என்று அவர்களுக்குக் காட்டினார், அவர்களிடமிருந்து சில பாட்டுகளைக் கற்றுக்கொண்டார். நான் கிளம்பி வரும் வரைக்கும் அந்த வகுப்பில் மூடிகள் டப்பாவில் இருந்தன.

கொஞ்சம் கெமர் கற்றுக்கொண்டு போங்கள். தமிழர்களுக்கு நினைப்பதைவிட எளிது, நிறையச் சொற்கள் சமஸ்கிருதமும் பாலியும் வழியாக வந்தவை. 'க்ரூ' என்றால் ஆசிரியர், நம் குரு. 'பூம்' என்றால் கிராமம், நம் பூமி. 'சாலா' பள்ளிக்கூடம், 'முக்' முகம். அப்புறம் யாரைப் பார்த்தாலும் 'ஞாம் பாய் ஹாய் நௌ?' என்று கேளுங்கள். "சோறு சாப்பிட்டாச்சா?"

கடைசியாகத் தேதி. டிசம்பர் உங்களுக்குத்தான் விடுமுறை. அங்கே அறுவடை, பள்ளிக்கூடமும் நடக்கும். காலை ஒன்பது மணிக்கு வி.பி.எஸ். வைத்தால் பலூனுக்காகப் பிள்ளைகள் பள்ளியை விட்டுவிட்டு வருவார்கள், வாத்தியார் பாஸ்டரைத்தான் திட்டுவார். எதுவாக இருந்தாலும் மாலை ஐந்துக்கு மேல் வையுங்கள். பகலில் பெரியவர்கள் யாரும் வீட்டில் இருக்கமாட்டார்கள். இப்போது பெரும்பாலும் மெஷின் அறுத்துவிடுகிறது, ஆனால் நெல்லைக் காயப்போடவும் கிளறவும் மழைமேகம் வந்தால் வாரிக் கட்டவும் கை வேண்டும், அதில் தாராளமாக இறங்குங்கள். நீலத் தார்ப்பாயை ரோட்டின் பாதி அகலத்துக்கு விரித்து நெல் காய வைத்திருப்பார்கள். வேன் டிரைவரிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள், அதன் மேல் ஏற்றிவிடக் கூடாது.